எல்லையில் ஓடும் பள்ளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஓடையான கொடுங்கரைப்பள்ளத்துக்கு ஒரு கரை தமிழ்நாடு, மறு கரை கேரளத்தின் அட்டப்பாடி. மழை நின்றதும் சீக்கிரம் வற்றுகிறது. இரு கரைக்காரர்களையும் சேர்த்துக் குழு அமைக்க எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், ஆனைகட்டி

குழுவுக்குப் பெயர் வைப்பதிலும் தலைவர் தேர்விலும் தொடங்காதீர்கள். சண்டை அங்கேதான் பிறக்கும். முதலில் தண்ணீரைச் சேர்ந்து அளந்து பாருங்கள்.

கரைக்கு இருவராக நான்கு பேர், ஒரு டேப், ஒரு செல்போன், பாதி நீர் நிரப்பிய சின்ன பாட்டில் போதும். பள்ளம் நேராக ஓடும் 10 மீட்டரைத் தேர்ந்து இரு முனையிலும் குறுக்கே கயிறு கட்டுங்கள். அகலத்தை அளந்து, ஐந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். பாட்டிலை நடு ஓட்டத்தில் மூன்று முறை விட்டு நேரம் குறியுங்கள். அகலம் 2 மீட்டர், ஆழம் 15 செ.மீ., கடக்க 40 விநாடி என்றால், வேகம் விநாடிக்கு 10 ÷ 40 = 0.25 மீட்டர்; ஓட்டம் 2 × 0.15 × 0.25 = விநாடிக்கு 0.075 கன மீட்டர். மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால் 0.8-ஆல் பெருக்குங்கள்: விநாடிக்கு 60 லிட்டர்.

வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். நோட்டு இரண்டு: ஒன்று தமிழில், மற்றது மலையாளத்தில். எண்கள் இரண்டிலும் ஒன்றே.

‘அந்தக் கரைக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான்’ என்ற பேச்சு வராமல் இருக்காது. மேலே ஓரிடம், கீழே ஓரிடம் அளந்தால் நடுவில் குறைவது தெரியும். மணலில் இறங்குவதும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால், மோட்டார்கள் ஓடாத நேரத்தில் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். பல சமயம் இரு கரையின் பங்கும் வெளிப்படும், தயாராக இருங்கள்.

நாலைந்து மாதக் கணக்கு சேர்ந்த பிறகு கூட்டம் போடலாம். இரு பக்கமும் இருளர் ஊர்கள் உண்டு. ஊர்த் தலைவர்களான மூப்பன்மாரை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடும். கேரளத்தில் அது வார்டு வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஒரே வாசகத்தில் இரு பக்கமும் தீர்மானம் போடுங்கள். ஒரு மாநிலத் திட்டப் பணத்தை எல்லை தாண்டிச் செலவழிக்க முடியாது. ஆகவே அவரவர் சரிவில் அவரவர் நிதி, ஆனால் ஒரே பருவத்தில் வேலை. காட்டுக்குள் போகிற வேலைக்கு வனத்துறையிடம் முன்பே பேசிவிடுங்கள். நீர்ப்பிடிப்பைக் காக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு கிராம சபைக்குத் தருகிறது. தீர்மானத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: ஓடையில் அடுக்கிய கல் தடுப்பு முதல் பெருமழையிலேயே ஓரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. ஏன்?
– வாசகர், அகளி

தடுப்பின் தலையை ஒரே மட்டமாக விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் வெள்ளம் நடுவில் வழியாமல் ஓரத்து மண்ணை அறுத்துவிடும். நடுப்பகுதி ஓரங்களைவிட 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இரு ஓரத்தையும் கரைக்குள் அரை மீட்டர் புதையுங்கள். அடியில் 30 செ.மீ. வாய்க்கால் வெட்டி முதல் வரிசையை அதில் இறக்குங்கள். உயரம் 1 மீட்டரைத் தாண்ட வேண்டாம். நீர் விழும் இடத்தில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் கல் பாவாவிட்டால் அடி குழிந்து தடுப்பே சரியும்.

இடைவெளிக்கு ஒரு கணக்கு உண்டு: கீழ்த் தடுப்பின் வழியும் மட்டமும் மேல் தடுப்பின் அடியும் ஒரே உயரத்தில் வர வேண்டும். கொத்தனார் தண்ணீர் டியூபில் பார்த்துக்கொள்ளலாம். வழியும் இடம் 70 செ.மீ. உயரம், சரிவு பத்துக்கு ஒன்று என்றால் 7 மீட்டருக்கு ஒரு தடுப்பு. வேலையை மேட்டிலிருந்து தொடங்கி இறங்குங்கள். கீழே முதலில் கட்டினால் மேல்மண் ஒரே மழையில் நிரப்பிவிடும்.

கேள்வி: தடுப்பு கட்டினால் காவிரி வழக்கில் மாட்டிக்கொள்வோமா?
– வாசகர், சோலையூர்

பள்ளம் பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்துக்குப் பவானிப் படுகையில் ஒதுக்கியது 6 டி.எம்.சி. 2017-இல் தேக்குவட்டையில் பவானிக்குக் குறுக்கே கேரளம் தடுப்பணை கட்டத் தொடங்கியபோது கொங்குப் பகுதியில் போராட்டம் வெடித்தது. சிற்றோடையில் கல் அடுக்குவது வேறு. அது மண்ணைப் பிடிக்கும், நீர் இடுக்கில் கசிந்து போய்விடும். பிரதான ஓட்டத்தில் மட்டும் சிமென்ட் வேண்டாம். எதைக் கட்டினாலும் முதல் கல் வைக்கும் முன் எதிர்க்கரைக்காரர்களைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள்.