ஊர்த் தலைவர் சம்மதித்தால் நாங்களும் சம்மதித்ததாகுமா?

கேள்வி: நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். புயலில் எங்கள் வீட்டுக் கூரையும் கணவரின் நாட்டுப்படகும் போய்விட்டன. முகாமிலிருந்து திரும்பிய மறுவாரமே ஒரு குழுவினர் வந்து, மக்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஆராய்வதாகவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக் கேள்விகள் கேட்கப்போவதாகவும் கூறினர். ஊர்த் தலைவர் சம்மதித்துவிட்டார். மறுத்தால் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபடுமோ என்று மாமியார் அஞ்சுகிறார். பத்து வயது மகனையும் சேர்க்கச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: மாமியாரின் அச்சம் இயல்பானதே. ஆனால், நிவாரணக் கணக்கெடுப்பு வருவாய்த் துறையின் வேலை. அதில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ ஆய்வுக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் பேரிடர்க்கால ஆய்வுகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. எல்லாவற்றையும் இழந்து நிற்பவர் தம்மிடம் வருகிற எவரையும் உதவி செய்ய வந்தவராகவே எண்ணிவிடுவார் என்பதால், நிவாரணம் வேறு, ஆய்வு வேறு என்பதை விளங்கவைக்கும் பொறுப்பு ஆய்வாளருடையது. வந்தவர்கள் அதைச் சொல்லவில்லையென்றால், அதுவே நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

ஊர்த் தலைவரின் சம்மதம் குழுவினர் ஊருக்குள் வருவதற்கான அனுமதி மட்டுமே. உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுக்க உங்கள் ஒப்புதல்தான் வேண்டும்; கணவரோ மாமியாரோ உங்களுக்காகக் கையெழுத்திட முடியாது. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றால், குழுவைச் சேராத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதையும் படித்துக்காட்டிய பிறகே கைநாட்டு வாங்கவேண்டும். மகன் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலோடு அவனுடைய வாய்மொழி இசைவும் தேவை. அவன் மாட்டேன் என்றால் அதற்கு மதிப்பளிக்கவேண்டும். பங்கேற்பவரின் ஒப்புதலை வலியுறுத்துவதும், மருத்துவ ஆய்வுக்கு உலகம் இன்றும் அடிப்படையாகக் கொள்வதுமான ஹெல்சிங்கிப் பிரகடனம் ஏற்கப்பட்டது 1964 ஜூனில்.

இவ்வளவும் சொல்வது உங்களைத் தடுப்பதற்காக அல்ல. முறையாக நடக்கும் தொடர் ஆய்வில் சேருவது நல்லது என்பதே என் கருத்து. பேரிடருக்குப் பிறகு வரும் தூக்கமின்மையும் திடுக்கிடலும் பலருக்குச் சில மாதங்களில் தாமாகவே தணிகின்றன, சிலருக்கு நிலைத்துவிடுகின்றன. யாருக்கு எது என்பது அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் பார்த்தால்தான் தெரியும். கடல்நீர் புகுந்த கிணறுகளின் கதையும் அப்படித்தான். உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் உயர் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பிருப்பதை வங்கதேசக் கடலோரத்தில் கவனிக்க முடிந்ததற்கு, அங்குள்ள பெண்கள் இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றதே காரணம்.

ஆய்வு என்பது சிகிச்சை அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடுதலாக இருந்தால் முடிவை உங்களிடம் சொல்வார்களா, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று முன்பே கேளுங்கள். புயல் இரவைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே நெஞ்சு அடைத்தால் பேட்டியை நிறுத்தச் சொல்லலாம். காரணம் கூறாமலே ஆய்விலிருந்து விலகவும் செய்யலாம். மிஞ்சும் ரத்தத்தைப் பின்னாளில் வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ள ஒப்புதல் கேட்கும் வரி பெரும்பாலும் படிவத்தின் கடைசியில் இருக்கும். அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் ஈடுசெய்வது முறையே. அதை மிஞ்சிய தொகையைக் காட்டி அழைத்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயமில்லை. தமிழில் அச்சிட்ட தகவல் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, கணவர் வந்ததும் வீட்டில் எல்லோருமாகப் படியுங்கள். பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பரிசீலித்து ஆய்வுக்கு ஒப்புதல் அளித்த நெறிமுறைக் குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கவேண்டும். இல்லையென்றால், அவற்றை எழுதித் தரும்வரை ரத்தம் கொடுக்காதீர்கள்.