வட்டி இல்லை என்றால், அந்த வட்டி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ரூட் கெனால் செய்து கேப் போட 2,400 டாலர் ஆகுமாம், இன்சூரன்ஸில் வராதாம். பல் டாக்டர் ஆபீஸிலேயே ஒரு மருத்துவ கிரெடிட் கார்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி, ‘12 மாதத்தில் முழுசாகக் கட்டினால் வட்டி இல்லை’ என்றார்களாம். நம்மூர் நோ காஸ்ட் இஎம்ஐ மாதிரிதானே, வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். சரிதானா? எனக்கும் இங்கே ரெண்டு இம்பிளான்ட் (தாடையில் பதிக்கிற செயற்கைப் பல்) வைக்க வேண்டும், கிளினிக்கில் இஎம்ஐ தருகிறார்கள். — வாசகி, நங்கநல்லூர்

பதில்: அம்மா, இன்று ராத்திரியே மகளுக்குப் போன் போட்டு, கையெழுத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ‘முழுசாகக் கட்டினால்’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே வட்டியைத் தள்ளுபடி செய்வதில்லை, தள்ளி வைக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே வட்டி ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும், கெடுவுக்குள் கடைசி டாலர் வரை அடைத்தால்தான் அது மறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டி வருடத்துக்கு 27 சதவீதம், மகள் மாதம் 190 டாலர் ஒழுங்காகக் கட்டுகிறாள் என்று வைப்போம். 12 மாதத்தில் 2,280 கட்டியாச்சு, பாக்கி வெறும் 120. ஆனால் வட்டி அந்த 120-க்கு மட்டும் வராது, முதல் நாளிலிருந்து இருந்த பாக்கிக்கெல்லாம் சேர்த்து 350 டாலருக்கு மேல் மொத்தமாக வந்து விழும். பில்லில் போட்டிருக்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் கெடுவுக்குள் கடன் தீராது, அதை நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 60 நாளுக்கு மேல் தவணை தவறினால் சலுகையே பறிபோகலாம்.

இது ஏதோ ஒன்றிரண்டு பேருக்கு நடப்பதில்லை. 2018 முதல் 2020 வரை இப்படித் தள்ளிவைத்த வட்டியாக மட்டும் அமெரிக்க நோயாளிகள் சுமார் 100 கோடி டாலர் கட்டியதாக அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பே 2023-ல் சொன்னது. பல் வலியோடு உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டப்படுகிற காகிதத்தை யார் நிதானமாகப் படிப்பார்கள், சொல்லுங்கள்? எனக்கு இதில் கோபமே வருகிறது.

மகள் முதலில் டாக்டர் ஆபீஸிலேயே வட்டியில்லாத் தவணை கேட்கட்டும், கார்டு இல்லாமல். அது கிடைக்கவில்லை, கார்டுதான் வழி என்றால் 2,400-ஐ 12-ஆல் வகுக்காமல் 10-ஆல் வகுத்து, மாதம் 240 தானாகப் போகிற மாதிரி வைத்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் இம்பிளான்ட். நம்மூர் நோ காஸ்ட் இஎம்ஐ வேறு மாதிரி. வட்டிக்கு ஈடான தொகையை வியாபாரி விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார், அதனால் கடைசி ரூபாய்க்காக முதல் நாளிலிருந்து வட்டி வராது. ஆனால் பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. எனவே கையில் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். 2024 அக்டோபர் 1-லிருந்து, கடன் கொடுக்கிற நிறுவனம் எல்லாச் செலவும் சேர்ந்த வருட விகிதம் போட்ட கேஎஃப்எஸ் என்ற விவரத்தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், தமிழிலேயே கேளுங்கள்.

இங்கே பெரிய ஆபத்து வேறு. கடன் பணம் முதல் நாளே கிளினிக்குக்குப் போய்விடும். என் அத்தை பையன் பல்லுக்குக் கிளிப் போட ஒரு கிளினிக்கில் இப்படி இஎம்ஐ எடுத்தான், எட்டாவது மாதம் கிளினிக் பூட்டிக் கிடந்தது, தவணை மட்டும் மாதாமாதம் அக்கவுண்டிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தினால், அடுத்து கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கிற சிபில் ஸ்கோர் அடிவாங்கும். இப்படி ஆனால் கிளினிக் மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். கடன் நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஆனாலும் அலைச்சல் உங்களுக்குத்தான்.

முதலில் சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். தனியாரில்தான் என்றால், இம்பிளான்ட் எலும்போடு சேர எப்படியும் சில மாதம் ஆகும், அப்புறம்தான் பல் மாட்டுவார்கள், பணத்தையும் அதே மாதிரி பாதி இப்போது, பாதி பல் மாட்டுகிற அன்று என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு ஒத்துக்கொள்கிற டாக்டரிடம் இஎம்ஐயே தேவைப்படாது.