மிக்-21 கிட்டில் ஐந்து குறை: எதை மாற்றித் தரக் கேட்பது, எதை வீட்டிலேயே சரிசெய்வது?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருஷமாகச் சேர்த்த காசில் 1/48 அளவு மிக்-21 பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். பெட்டியைத் திறந்தால் இடது இறக்கை நுனி தொங்குகிறது. ஒரு சக்கரக் கால் பாதிதான் இருக்கிறது. உடம்பின் பக்கவாட்டில் சின்னக் குழி. காக்பிட் மூடியில் மெல்லிய கோடு. டெக்கால் தாளில் (மாடலின் மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெள்ளை வளையம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. கடைக்காரரோ, "மாடல் கிட் என்றால் இப்படித்தான் வரும், சரிசெய்து ஒட்டுவதுதான் ஹாபி" என்கிறார். அவர் சொல்வது சரியா? திருப்பி அனுப்பலாமா? பையன் முகம் வாடிக் கிடக்கிறான்.
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மா, முதலில் தம்பியிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். எந்தப் பாகத்தையும் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டாம். பாகங்கள் கொடி கொடியாகத் தொங்கும் அந்தச் சட்டத்தை ஸ்ப்ரூ என்போம். பாகம் ஸ்ப்ரூவில் இருக்கும்வரை அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வெட்டிவிட்டால், "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்று யாரும் சொல்லலாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஐந்தில் இரண்டு குறைகளுக்கு அது பொருந்தும், மூன்றுக்குப் பொருந்தாது. எது எந்தப் பக்கம் என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

நான் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடங்களில் தரப்பரிசோதனை வேலை பார்த்தவன். விமான மாடல் கட்டுவது பள்ளி நாளிலிருந்து இருக்கும் பழக்கம். வாளி மூடி வார்ப்பதும் மிக்-21 இறக்கை வார்ப்பதும் அடிப்படையில் ஒரே வேலைதான். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் குருணையை 200 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கி, இரண்டு பாதியாக மூடும் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்துவார்கள். ஆறியதும் அச்சு திறக்கும், ஊசிகள் பாகத்தைத் தள்ளி வெளியேற்றும். ஒரு தடவை அச்சு மூடித் திறப்பது ஒரு ஷாட். இதில் குறை நுழையும் வாசல்கள் மூன்று: அச்சு, ஷாட், அதன் பிறகு பையில் போடுவது தொடங்கி உங்கள் வீட்டு வாசல் வரையிலான பாதை.

அச்சிலேயே இருக்கும் குறை அந்தக் கிட்டின் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். பத்துப் பெட்டி மாற்றி வாங்கினாலும் அதே குழி அதே இடத்தில் வரும். ஷாட்டிலோ வழியிலோ வந்த குறை உங்கள் பெட்டிக்கு மட்டும் உரியது. அதற்குத்தான் மாற்றுக் கேட்க வேண்டும்.

அந்தக் குழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்காகச் சண்டை போடுவது வீண். அதைத் திருப்பி உட்புறம் பாருங்கள். குழிக்கு நேர் பின்னால் இணைப்பு முளையோ தடித்த விலாவோ இருக்கும். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலிஸ்டைரீன் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் சுருங்கும். மெல்லிய தோல் சீக்கிரம் இறுகிவிடும், தடித்த இடம் உள்ளே மெதுவாக ஆறிச் சுருங்கும்போது தோலை உள்ளிழுத்துக்கொள்ளும். இதற்கு சிங்க் மார்க் என்று பெயர். அது வடிவமைப்போடு பிறந்தது. புட்டி வைத்து நிரப்பித் தேய்க்க வேண்டியதுதான். டியூப் புட்டி காயும்போது அமுங்கும், ஆகவே இரண்டு பூச்சாக, நடுவில் ஒரு நாள் விட்டுப் பூசச் சொல்லுங்கள். அவசரமென்றால் ஃபெவிக்விக்கில் கொஞ்சம் முகப் பவுடர் குழைத்து நிரப்பலாம். ஆனால் அதை ஒரு மணி நேரத்துக்குள் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியிருக்கும் இடம்தான் தேயும்.

அடுத்து சக்கரக் கால். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. கால் எந்த இடத்தில் முடிகிறதோ அந்த நுனி எப்படி இருக்கிறது? வழுவழுப்பாக, உருண்டு, உருகிய மெழுகு நின்ற இடம் போல் பளபளத்தால் அது ஷார்ட் ஷாட். பிளாஸ்டிக் அந்த மூலைவரை போய்ச் சேரவே இல்லை. உருகிய பிளாஸ்டிக்கில் சூடு போதாமலோ, காற்று வெளியேறும் துளை அடைபட்டோ இப்படி ஆகும். மாறாக, நுனி சொரசொரப்பாகவும் வெளிறிய வெள்ளையாகவும் இருந்தால், முழுசாக வார்க்கப்பட்டுப் பிறகு உடைந்தது. அப்படியானால் மீதிப் பாதி பைக்குள்ளேயே கிடக்கும். பெட்டியின் மடிப்புகள்வரை தேடுங்கள். பையைக் குப்பையில் போட்டிருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள்.

காலையில் மெஷினை ஓட்டத் தொடங்கும்போது அச்சு சில்லென்றிருக்கும். சூடு நிலைக்கும்வரை வரும் முதல் சில ஷாட்டுகளை ஒதுக்கித் தள்ளுவதுதான் முறை. கரண்ட் போய் வந்தாலும் இதே கதை. ஒரு கூடத்தில் இப்படி ஒதுக்கிய தொட்டி நல்ல சரக்கோடு கலந்துபோய், அன்றைய லாட் முழுவதையும் நானும் இன்னொருவரும் இரவு உட்கார்ந்து பிரித்தோம். கலந்த தொட்டி ஒன்றுதான். ஆனால் நல்லதும் கெட்டதும் நிறத்தில் ஒன்று, எடையிலும் ஏறக்குறைய ஒன்று. கிட் விஷயத்திலும் இதே சிக்கல்தான். முடித்த பெட்டியை எடை போட்டால் ஒரு ஸ்ப்ரூ முழுசாக விட்டுப்போனது தெரியும். கால் கிராம்கூடத் தேறாத ஒரு காலின் பாதி தராசில் தெரியாது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், அதற்கு ஆள் போட வேண்டும். எனக்கே ஒருமுறை ஒரே ஸ்ப்ரூ இரண்டு வந்து, சோடி ஸ்ப்ரூ வராமல், இரண்டு இடப்பக்க உடம்போடு ஒரு பெட்டி கைக்கு வந்தது. எடை சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஷார்ட் ஷாட்டான காலை வீட்டில் ஒட்டுப்போட வேண்டாம். மாடலின் எடை முழுவதும் அந்த மூன்று கால்களில்தான் நிற்கப் போகிறது. இது மாற்றிக் கேட்க வேண்டிய குறை.

காக்பிட் மூடியில் இருக்கும் கோடு விரிசலா, உருகிய பிளாஸ்டிக் ஓடிய தடமா என்று பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக் இரு பக்கமாகப் பாய்ந்து சேரும் இடத்தில் ஒரு மெல்லிய தடம் விழலாம். ஜன்னல் பக்கம் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் கண்ணாடித் துண்டு போல் பளிச்சென்று மின்னி மறைந்தால் விரிசல். எந்தக் கோணத்திலும் மங்கலாக அப்படியே இருந்தால் ஓடிய தடம். நகத்தை லேசாக ஓட்டியும் பார்க்கலாம். மேற்பரப்புக் கீறல் என்றால் 2000, 3000 எண் உப்புத்தாளில் தண்ணீரோடு தேய்த்து, பாலிஷ் போட்டு மீட்கலாம். ஓடிய தடமும் விரிசலும் பிளாஸ்டிக்கின் உள்ளேயே இருப்பவை, தேய்த்துப் போகாது. விரிசலானால் அது வளரவும் செய்யும். கண்ணாடிப் பாகத்துக்கு வார்க்கும் தெளிவான பாலிஸ்டைரீன் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கைவிட நொறுங்கும் தன்மை கூடியது. இரண்டில் எதுவானாலும் மாற்றுக் கேளுங்கள்.

டெக்கால் பற்றி விவாதிக்கவே வேண்டாம். வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை: மூன்று நிறமும் தனித்தனியாக அச்சாகிறவை, ஒன்று நகர்ந்துவிட்டது. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் தாளை வீட்டில் நகர்த்த முடியாது. அந்த மாடலில் எல்லோர் கண்ணும் முதலில் போய் நிற்கும் இடமும் அதுதான். தாளையும் மாற்றிக் கேளுங்கள். மாற்றாக வரும் தாளும் அதே அச்சு லாட்டாக இருந்தால் அதே கோணல் வரலாம். அப்படி வந்தால், இந்திய விமானப்படைச் சின்னங்களை மட்டும் தனியாக விற்கும் டெக்கால் தாள்கள் கிடைக்கின்றன. (பழைய கிட்டில் தாள் மஞ்சளடித்திருந்தால் மட்டும் கைவைத்தியம் உண்டு. ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளிறும்.)

இறக்கையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தொங்குவது குறையா என்றே முதலில் பார்க்க வேண்டும். மிக்-21 விமானத்தின் இறக்கை நிஜத்திலேயே கீழ்நோக்கிச் சாய்ந்தது, சாய்வு 2 டிகிரி. உங்கள் கிட்டில் இறக்கையின் கீழ்ப்பாதி இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே துண்டாக இருந்தால், ஸ்ப்ரூவில் இருக்கும்போதே சோதிக்கலாம். ஓர் எஃகு ஸ்கேலை நடுப்பகுதியின் மேல் படிய வைத்து, ஒவ்வொரு நுனியும் ஸ்கேலுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். மிக்-21 இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 7.15 மீட்டர். 1/48 அளவில் அது 149 மில்லிமீட்டர். அதில் நடுவில் உடம்பின் அகலம் போக மிஞ்சும் நீளத்துக்கு 2 டிகிரிச் சாய்வென்றால் ஒவ்வொரு நுனியும் 2 மில்லிமீட்டர் அளவு இறங்கும். இரண்டும் 2 என்றால் சரியான இறக்கை. வலது 2, இடது 5 என்றால் இடது வளைந்திருக்கிறது.

வளைவு பெரும்பாலும் பாகம் முழுசாக ஆறுமுன் அச்சிலிருந்து வெளியே வந்ததாலோ, பைக்குள் மற்ற ஸ்ப்ரூக்களோடு நெருக்கித் திணிக்கப்பட்டதாலோ, பார்சல் வெயிலில் வண்டியில் கிடந்ததாலோ வரும். இதற்கு மாற்று தேவையில்லை, வெந்நீர் போதும். கொதிக்கும் நீர் வேண்டாம். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அந்தச் சூடுகூடப் பாலிஸ்டைரீனைத் துவளவைத்துவிடும். கொதித்த நீரை அகலமான தாம்பாளத்தில் ஊற்றி, 70 டிகிரி அளவுக்கு இறங்கட்டும். இறக்கையை அரை நிமிஷம் மூழ்கவைத்து, எடுத்து, வேண்டிய அளவைவிட ஒரு துளி அதிகமாக எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்துப் பிடித்தபடி, பக்கத்தில் இருக்கும் பச்சைத் தண்ணீரில் இறக்குங்கள். ஒரே தடவையில் நேராகாது. மூன்று நான்கு தடவை, தடவைக்கு அரை மில்லிமீட்டர் என்று பொறுமையாகச் செய்தால் வரும். வெந்நீரைக் கையாளும் வேலையை நீங்கள் செய்யுங்கள், வளைப்பதைத் தம்பி செய்யட்டும். ஆனால் இதையெல்லாம் மாற்று விவகாரம் முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

இப்போது கடைக்காரர். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கிட் எண், பில், பிறகு கால், மூடி, டெக்கால் மூன்றையும் ஸ்ப்ரூவோடு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். ஸ்ப்ரூவின் எழுத்தும் பாக எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். குழியையும் இறக்கையையும் புகாரில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், "இதெல்லாம் சகஜம்" என்ற பதிலில் மற்ற மூன்றும் அடித்துக்கொண்டு போகும். "இந்த மூன்றும் பழுதான பாகங்கள், மாற்றித் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஹாபிப் பொருள் என்பதற்காக அதில் விலக்கு இல்லை. அப்படியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். கிட் நிறுவனத்துக்கும் அதே படங்களோடு ஒரு மின்னஞ்சல் போட்டுவையுங்கள். உதிரிப் பாகம் தனியாக அனுப்பும் ஏற்பாடு பல நிறுவனங்களிடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தால் வாரக்கணக்கில் ஆகும், பரவாயில்லை. முழுப் பெட்டியையும் மாற்றித் தந்தால் முதலில் அந்த மூன்று பாகங்களையும் பாருங்கள்.

காத்திருக்கும் நாட்களில் தம்பி சும்மா இருக்க வேண்டாம். ஸ்ப்ரூக்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில், வெட்டாமல் அப்படியே கழுவி நிழலில் உலர்த்தட்டும். அச்சில் தடவிய எண்ணெய்ப் பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும். கண்ணாடிப் பாகங்களைத் தனி உறையில் போட்டு, டெக்கால் தாளைக் கனமான புத்தகத்துக்குள் வைக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போங்கள். அங்கே நிற்கும் மிக்-21-க்கு நேர் எதிரே, மூக்குக்கு முன்னால், கொஞ்சம் குனிந்து நின்று இரண்டு இறக்கைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். 2 டிகிரி என்பது எவ்வளவு என்று அவனுக்குக் கண்ணாலேயே பிடிபடும். வீட்டுக்கு வந்து ஸ்கேலை வைத்து அளந்த கணக்கோடு ஒப்பிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.