சேற்றுப் பந்தயம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் குளிர்காலப் பந்தயங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் டூயத்லான் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. பிராக்னெலில் வசிக்கிறேன். ஸ்வின்லி காட்டில் வாரந்தோறும் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். சாலையில் 10 கிலோமீட்டரை 50 நிமிடத்துக்குள் ஓடிவிடுவேன். அந்தத் தைரியத்தில் ஜனவரியில் சசெக்ஸில் நடந்த ஒரு பந்தயத்தில் கலந்துகொண்டேன். காட்டுப் பாதையில் முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், மறுபடியும் ஓட்டம்.

முந்தைய நாள்வரை விடாத மழை. ஓடும்போது வழுக்கி வழுக்கி விழுந்தேன். சைக்கிளில் பாதித் தூரம் சக்கரமே சுற்றவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். என் அம்மா வயதுப் பெண்மணி ஒருவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். கடைசிச் சில பேரில் ஒருவனாக முடித்தேன். மூன்று நாள் கழித்து வயிற்றுப்போக்கு வேறு.

விலை கூடிய சைக்கிள் வாங்கினால் சரியாகுமா? இது உண்மையில் விளையாட்டுதானா, கிறுக்குத்தனமா? ஊரில் என் மாமா, "காசு கொடுத்துச் சேற்றில் விழுகிறாயா? இங்கே வா, நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை" என்கிறார். மார்ச்சில் இன்னொரு பந்தயத்துக்குப் பணம் கட்டிவிட்டேன்.

ச., பிராக்னெல்

அன்புள்ள ச.,

புது சைக்கிள் வாங்காதீர்கள். உங்களைக் கவிழ்த்தது மண்.

ஸ்வின்லியில் நீங்கள் ஓட்டுவது போட்ட பாதை. தண்ணீர் வடிய வாட்டம் பார்த்து அமைத்தது. அந்தப் பக்கத்து மண்ணும் மணற்பாங்கு, மழையை உறிஞ்சிக்கொள்ளும். சசெக்ஸில் நீங்கள் மாட்டிக்கொண்டது வீல்ட் பகுதியின் களிமண் என்று நினைக்கிறேன். அது தண்ணீரையும் உள்ளே விடாது, டயரையும் லேசில் விடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படலம் ஏறும். புல்லும் சருகும் சேர்ந்து முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் வளைவில் போய் அடைக்கும். பின்பக்கம் செயினும் கியரும் நெறிபடும். அந்த நேரத்தில் வீம்புக்குப் பெடலை மிதித்தால் கியர் மாற்றும் டிரெய்லியரைத் தாங்கி நிற்கும் சிறிய அலுமினியத் துண்டு முறிந்துவிடும். அதோடு பந்தயமும் முடிந்தது. தள்ளிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். களிமண்ணைப் பொறுத்தவரை தள்ளுவதும் மிதிப்பதும் ஒன்றுதான். சக்கரம் உருளுகிற வரைக்கும் மண் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த அம்மாளுக்கு இது தெரிந்திருக்கிறது. சக்கரம் அடைபடுவதற்கு முன்பே இறங்கித் தூக்கியிருப்பார். நீங்கள் அடைபட்ட பிறகு, கூடுதலாகச் சில கிலோ மண்ணையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறீர்கள். இறங்குவதை அவமானமாக நினைப்பது போட்ட பாதையில் ஓட்டிப் பழகியவர்களின் வியாதி. பெல்ஜியத்தில் கூட்டம் கூட்டமாக மக்கள் திரண்டு பார்க்கும், சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயங்களில், உலக சாம்பியன்கள்கூடச் சேறு ஆழமான இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். 1950 முதல் உலகப் போட்டி நடக்கும் விளையாட்டு அது. ஆனால் அவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஓரத்தில் உதவியாளர் இன்னொரு சைக்கிளைக் கழுவித் தயாராக வைத்திருப்பார், சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொள்ளலாம். நமக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதைக் கழுவுவதும் நாம்தான்.

ஆகவே மார்ச்சுக்கு முன் தூக்கிப் பழகுங்கள். தண்ணீர் பாட்டில் மாட்டும் கூண்டைக் கழற்றிவிடுங்கள், அது இருந்தால் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) முக்கோணத்துக்குள் தோள் நுழையாது. வலது தோளில் மேல் குழாயை மாட்டி, வலது கையைக் கீழ்க் குழாய்க்கு அடியில் விட்டு ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். ஈரமான வாரம் ஒன்றில், சரளை போடாத குதிரைப் பாதையில், ஐம்பது அடி ஓட்டம், ஏறுதல், இறங்குதல் என்று பத்து முறை செய்து பாருங்கள். பக்கத்தில் நாய் நடத்துபவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. தேங்கிய தண்ணீர் கண்டால் ஓரம் ஒதுங்காமல் நடுவே போங்கள். பெரும்பாலும் அடியில் தரை கெட்டியாக இருக்கும், ஓரத்துச் சேறுதான் ஆளை இழுக்கும். டயரில் காற்றைக் குறையுங்கள். சட்டத்தின் அடிப்பக்கத்தில் சமையல் எண்ணெய் தெளித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு மண் ஒட்டாமல் வழுகிவிடும். பிரேக் தட்டில் ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் பிடிக்காது, அதை மட்டும் கவனியுங்கள்.

ஷூ விஷயம். சாலை ஷூவில் ஓடினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் விழுந்த விதம் சொல்கிறது. ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் கொண்ட ஷூ வேண்டும். பற்கள் நெருக்கமாக இருந்தால் மண் உதிராது. பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அதன் அடியில் சேறு அடைத்தால் பூட்டவே பூட்டாது. முட்கள் வைத்த தட்டைப் பெடல் போட்டால் ஓடிய ஷூவோடேயே ஏறிவிடலாம், மாற்றும் நேரமும் மிச்சம். சைக்கிளைத் தொடும் முன் ஹெல்மெட் வாரைப் பூட்டுங்கள். விறைத்த விரல்களுக்கு அந்தக் கொக்கி பெரிய சோதனை, வீட்டில் கையுறையோடு பழகுங்கள்.

வயிற்றுப்போக்கைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. 2007ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஒரு மவுண்டன் பைக் பந்தயத்திலும், 2008ல் வேல்ஸின் பில்த் வெல்ஸில் நடந்த பந்தயத்திலும் ஏராளமானோர் நோயுற்றார்கள். காரணம் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி. ஆடு மாடுகள் மேயும் நிலத்தில் மழை பெய்தால் சாணமும் புழுக்கையும் சேற்றோடு கலக்கும், முன் டயர் அதை நேராக முகத்தில் அடிக்கும். அது வாய்க்குள் போனாலே போதும். பாட்டிலின் வாய்ப்பகுதியில் அப்பிய சேறு, தெம்புக்காகச் சாப்பிட, பல்லால் கிழித்த ஜெல் பாக்கெட் எல்லாம் அதற்கு வழிதான். வந்த மூன்று நாள் கணக்கும் பொருந்துகிறது. இன்னும் முழுக்கக் குணமாகவில்லை என்றால் மருத்துவரிடம் போய்ச் சேற்றுப் பந்தயத்தில் ஓடியதைச் சொல்லுங்கள். அடுத்த முறை சட்டைப் பையில் மூடி போட்ட பாட்டில், முன்சக்கரத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, முடித்ததும் கையைக் கழுவாமல் வாழைப்பழத்தைத் தொடாமல் இருப்பது.

கிறுக்குத்தனமா என்று கேட்டீர்கள். பில்த் வெல்ஸுக்குச் சற்றுத் தொலைவில் லான்வர்ட்டிட் வெல்ஸ் என்று ஒரு சிற்றூர். மலைப் பாதையில் நெடுந்தூரம் போனால் மனிதன் குதிரையை ஜெயிப்பானா என்று அங்கே ஒரு மதுக்கடையில் வாக்குவாதம். கடைக்காரர் கோர்டன் கிரீன் அதைப் பேச்சோடு விடாமல் 1980ல் பந்தயமாகவே நடத்திவிட்டார். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். 1989ல் டிம் கூல்ட் மவுண்டன் பைக்கில் குதிரையை முந்தினார். பிற்பாடு சைக்கிளை விலக்கிவிட்டார்கள். வெறும் காலை நம்பி ஓடியவர்கள் ஜெயிக்க 2004வரை ஆயிற்று. அந்த ஆண்டு ஹியூ லாப் 2 மணி 5 நிமிடத்தில் ஓடி, சேர்ந்து கிடந்த 25,000 பவுண்டு பரிசை வாங்கிப் போனார். இதே ஊரில் சதுப்பு நீருக்கடியில் மவுண்டன் பைக் ஓட்டும் போட்டியும் நடந்திருக்கிறது. மிதக்காமலிருக்கச் சட்டத்துக்குள் ஈயம் வைத்திருந்தார்கள். இதற்கு மேல் கிறுக்குக்கு விளக்கம் வேண்டுமா? கிறுக்குதான், அதோடு கடுமையான விளையாட்டும்கூட. மாமாவுக்கு இரண்டையும் ஒப்புக்கொண்டு பதில் எழுதுங்கள். நடவு பற்றி அவர் சொல்வது நியாயம், அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

பழைய சைக்கிளையே எடுத்துக்கொண்டு போங்கள். பிரேக் பேடுகளை மட்டும் மாற்றுங்கள். ரெசின் வகை ஈரத்தில் சீக்கிரம் தேயும், உலோகத் துகள் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.