நசரேய விரதம் பாதியில் முறிந்தால் என்ன செய்ய வேண்டும்?

நசரேய விரதம் என்பது கடவுளுக்கெனத் தன்னைத் தனியே ஒதுக்கிக்கொள்வதாக யூதர் எடுத்த நேர்ச்சை. அதை எடுத்தவர் திராட்சரசம் குடிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, பிணத்தின் அருகே போகக் கூடாது. சரி, பக்கத்தில் இருந்தவர் திடீரென்று செத்து விழுந்தால்? விரதம் இருப்பவர் மேல் தப்பில்லைதான். ஆனாலும் தீட்டு தீட்டுதான் என்கிறது பைபிளின் எண்ணாகமம் நூல், 6-ஆம் அதிகாரம்.

ஏழாம் நாள் தலையைச் சிரைக்க வேண்டும். எட்டாம் நாள் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ ஆசாரியரிடம் கொடுக்க வேண்டும். ஒன்று பாவநிவாரண பலி, மற்றது சர்வாங்க தகனபலி (முழுவதும் எரிக்கும் பலி). அப்புறம் குற்றநிவாரண பலியாக ஒரு வயது ஆட்டுக்குட்டி. பிணத்தீட்டு என்பதால், சிவப்புக் கிடாரியின் சாம்பல் கலந்த நீரை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்கும் பொதுவிதியும் உண்டு (19-ஆம் அதிகாரம்).

என்னைக் கேட்டால், பலிகளைவிடக் கடினமானது இதுதான்: அதுவரை இருந்த நாட்கள் கணக்கில் சேராது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெசொப்பொத்தேமியாவின் வடக்கே இருந்த அதியபெனே நாட்டு அரசி ஹெலேனா ஏழு ஆண்டு விரதம் இருந்து இஸ்ரவேல் நாட்டுக்கு வந்தபோது, இங்கே இன்னும் ஏழு ஆண்டு இருக்க வேண்டும் என்றார்கள் ஹில்லேல் பள்ளி அறிஞர்கள். அதன் முடிவில் தீட்டுப்பட, மறுபடியும் ஏழு. மொத்தம் இருபத்தொரு ஆண்டு என்கிறது யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. இல்லை, பதினான்குதான் என்கிறார் அதே நூலில் ரபி (யூத குரு) யெகூதா.