மலக்குடல் புற்றுநோய்க்கு உடனே ஆபரேஷன் செய்யாமல் ஏன் ரேடியேஷன் கொடுக்கிறார்கள்? அப்பாவுக்கு ஆயுசுக்கும் வயிற்றில் மலம் சேரும் பை வைக்க வேண்டியிருக்குமா?

என் அம்மாவுக்கும் இதே வரிசைதான். கட்டி இருப்பது தெரிந்தும் ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னதும், ஆஸ்பத்திரியை மாற்றுங்கள் என்று சொந்தக்காரர்கள் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

மலக்குடல் இருப்பது இடுப்பெலும்புக்கு நடுவே, குறுகலான இடத்தில். முன்னால் சிறுநீர்ப்பை, கருப்பை, ஆண்களுக்கு புராஸ்டேட். கட்டியைச் சுற்றித் தாராளமாக வெட்டி எடுக்க அங்கே இடமில்லை. அதனால் எம்.ஆர்.ஐ.யில் கட்டி குடல் சுவரைத் தாண்டியிருந்தாலோ, நெறிக்கட்டிகளில் பரவியிருந்தாலோ பெரும்பாலும் ரேடியேஷன்தான் முதலில். 2004-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன்பே ரேடியேஷனும் கீமோவும் பெற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் 5 ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது. ஆபரேஷனுக்குப் பின் பெற்றவர்களில் 13 சதவீதம்.

ஐந்தரை வார ரேடியேஷன் என்றால் கூடவே கேபசிடபைன் என்ற கீமோ மாத்திரை இருக்கும். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். இன்னொன்று: ரேடியேஷனில் ரத்தப்போக்கு நின்றதும், 'சரியாகிவிட்டது, ஆபரேஷன் எதற்கு' என்று சிலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. கட்டி முழுவதுமாக மறைந்துவிட்டால் ஆபரேஷன் செய்யாமல் கண்காணிக்கும் வழியும் உண்டு, பிரேசில் மருத்துவர் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா தொடங்கி வைத்தது. ஆனால் அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். விடாமல் ஸ்கோப், எம்.ஆர்.ஐ. என்று போய்க்கொண்டே இருக்கவும் வேண்டும்.

சரி, பை. ஆசனவாயிலிருந்து கட்டி எத்தனை சென்டிமீட்டர், சுருக்குத் தசையைத் தொடுகிறதா என்று கேளுங்கள். தசைக்குள் போயிருந்தால் பெரும்பாலும் ஆசனவாயையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும், பை நிரந்தரம். மேலே இருந்தால் குடலை இணைத்துவிட்டு, தையல் ஆறும் வரை சிறுகுடலில் தற்காலிகப் பை வைப்பார்கள். அம்மாவுக்கு இதுதான். ஒட்டும் தகட்டில் துளையைக் கத்தரிக்கும்போது ஸ்டோமாவைவிட (வயிற்றில் குடலை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கும் வாய்) இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் கூட இருக்கலாம். தாராளமாக வெட்டினால் கழிவு தோலில் பட்டு, தோல் வெந்துபோய்விடும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள். கழிவு தண்ணீராகவே போனால் உடம்பில் நீர்ச்சத்து சட்டென்று குறையும், ஓ.ஆர்.எஸ். வீட்டில் இருக்கட்டும்.

பையை எடுத்ததோடு முடியாது. அடிக்கடி, அடக்க முடியாமல் மலம் வரும். அம்மா மாதக்கணக்கில் கல்யாணம் காட்சி எதற்கும் போகவில்லை. மாத்திரையும் இடுப்புத் தசைப் பயிற்சியுமாக மெல்லத்தான் கட்டுக்குள் வந்தது.

அப்புறம், சிகிச்சை தொடங்கும் முன் எம்.எம்.ஆர். பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது அது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குள்தான் அந்தக் குறைபாடு இருக்கும். 2022-இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட முதல் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்ததில், ரேடியேஷனோ ஆபரேஷனோ இல்லாமல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. விலை மிக அதிகம் என்பது வேறு விஷயம். எடுத்து வைத்திருக்கும் பயாப்சி துண்டிலேயே அதைப் பார்த்துவிடலாம்.