1910 முதல் பதிப்பு என்று விற்கப்படும் டாரட் கட்டு

கேள்வி: பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடம் 'ரைடர்-வெயிட்' டாரட் கட்டும் (குறி சொல்லப் பயன்படும் படக் கார்டுகள்) அதற்கான புத்தகமும் இருக்கின்றன. இரண்டும் 1910-ல் லண்டனில் அச்சான முதல் பதிப்பு என்கிறார். புத்தகத்தில் எல்லாக் கார்டுகளின் படமும் உண்டு. பெரிய தொகை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே ஒரு முரண் இருக்கிறது. இந்தக் கட்டுக்கு விளக்கம் எழுதிய ஆர்தர் எட்வர்ட் வெயிட் முதலில் வெளியிட்ட சின்னப் புத்தகத்தில் கார்டுகளின் படங்கள் கிடையாது. 78 கார்டுகளின் படங்களும் சேர்ந்த 'தி பிக்டோரியல் கீ டு தி டாரட்' 1911-ல்தான் வந்தது. ஆக, படம் இருந்தால் ஆண்டு 1910 ஆக முடியாது. அது பின்னால் வந்த மறுபதிப்பாகவும் இருக்கலாம். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐஎஸ்பிஎன் (புத்தகங்களுக்கான அடையாள எண்) இருந்தால் பேச்சே வேண்டாம், அந்த முறையே 1960-களின் கடைசியில்தான் தொடங்கியது.

கட்டைத் தனியாகப் பாருங்கள். லண்டன் ரைடர் நிறுவனம் 1909 டிசம்பரில் வெளியிட்ட முதல் கட்டின் பின்பக்கத்தில் ரோஜாவும் லில்லியும் இருக்கும். அடுத்து வந்த பழைய அச்சுகளில் விரிசல் விட்டதுபோன்ற கோலம் இருக்கும். பெட்டியிலோ கார்டின் ஓரத்திலோ யு.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் என்று இருந்தால் அது 1970-களிலோ அதற்குப் பின்னரோ வந்த அமெரிக்க நிறுவனத்தின் பதிப்பு.

படங்களின் மூலையில் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித்தின் முதலெழுத்துகள் பின்னிக் கிடக்கும். அதைக் காட்டி 'ஒரிஜினல்' என்று சொன்னால் நம்பாதீர்கள். மறுபதிப்புகளிலும் அது அப்படியே வரும். பதிப்பாளர் பெயரும் எழுதியவர் பெயரும் கட்டின் பெயரில் இருக்கின்றன, வரைந்தவர் பெயர் இல்லை. இத்தனை பெரிய வேலைக்கு மிகக் குறைந்த பணமே கிடைத்ததாக அவரே 1909 நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். தேடும்போது அவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், நல்ல தகவல்கள் கிடைக்கும்.

சேகரிப்புக்காக இல்லை, படித்துப் பழகத்தான் என்றால் புது மறுபதிப்பே போதும். 1911 புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விற்பவர் நான் சொன்ன படங்களை அனுப்பத் தயங்கினால் வேறு கட்டு பார்த்துக்கொள்ளுங்கள்.